எப்பவோ பார்த்த படம்

"படம் பார்த்துக் கெட்டுப் போனான்" என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். "படம் பார்த்துத் திருந்தினான்" என்று எவரும் சொல்லக் கேட்டது மிகக் குறைவு. எமது பெரியவர்களுக்குச் சினிமா என்பது காசையும் நேரத்தையும் விழுங்குகிற ஒன்று. புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் இறைக்க வேண்டிய பொடியன் பண்ணைப் பாலத்தைத் தாண்டிப் போய் வின்சர் தியேட்டர் வரிசையில் நிற்கிறான் என்பதே அவர்களின் முறைப்பாடு. இதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், புளியங்கூடல், சரவணை, நாரந்தனைப் பகுதிகளில் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசும் வேளைகளில் வேறொன்றையும் கண்டு வருகிறோம். தூர்ந்துபோன கிணறு, அழிந்துபோன எல்லை வேலி, கிடைக்காத உறுதி என்று தொடங்குகிற பேச்சு, எப்படியோ சுற்றி, எப்பவோ பார்த்த ஒரு படத்தில் போய் நிற்கிறது.

அது ஏன்? வீடு போனது, மாடு போனது, பெட்டியிலிருந்த படங்களும் பத்திரங்களும் போயின. மூன்று மணித்தியாலம் இருட்டில் இருந்து பார்த்த ஒரு கதை மட்டும் ஏன் போகவில்லை? இக்கேள்வியை நாம் பலரிடமும் கேட்டு வந்தோம். கிடைத்த பதில்களில் சிலவற்றை, சொன்னவர்களின் பெயரின்றி, இங்கே தருகிறோம்.

முதலில் 'பராசக்தி'. 1952ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த படம், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கியது, வசனம் மு. கருணாநிதி; சிவாஜி கணேசனுக்கு அதுவே முதற்படம். அது ஓடி முடிந்த பின்பும், அதன் வசனம் இசைத்தட்டாகிக் கலியாண வீடுகளின் ஒலிபெருக்கிகளில் முழங்கிக்கொண்டிருந்தது. நீதிமன்றக் காட்சியை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கக் கூடியவர்கள் ஊருக்கு இரண்டு பேராவது இருந்தார்கள். புளியங்கூடலில் நாம் சந்தித்த முதியவர் ஒருவரும் அந்த இனத்தைச் சேர்ந்தவரே. கமக்காரர். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். யாழ்ப்பாணத்தில் அந்தப் படம் மீண்டும் மீண்டும் வந்த காலத்தில் நாலு தரம் பார்த்தாராம். பேச்சு நடை அவருக்கு அங்கேயிருந்துதான் வந்தது. கமக்காரர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றால் அதிகாரிகளும் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்களாம்.

தீவக மக்கள் 1990, 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளில் ஊரை விட்டு வெளியேறிக் குடாநாட்டில் தஞ்சமடைந்தவர்கள். இவர் குடும்பமும் அப்படியே. பின்னர் 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்து மக்களோடு சேர்ந்து இரண்டாம் முறையும் வெளிக்கிட்டது. அந்த இரவு மழை. செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனம் அடி அடியாக நகர்ந்தது. அந்த நடையில் தனக்குப் 'பராசக்தி' ஞாபகம் வந்தது என்று அவர் சொன்னார். நீதிமன்றக் காட்சியாக்கும் என்று நாம் நினைத்தோம். இல்லை.

"அந்த வசனமொண்டும் வரேல்லை, பாதர். பர்மாவில இருந்து தமையன்மார் வந்து சேருற பாடு இருக்கல்லோ, அதுதான் வந்தது. முந்தி நாங்கள் அந்தக் கட்டத்தில வெளியில போய் பீடி குடிக்கிறனாங்கள்."

படத்தை மறந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று சகோதரர்கள் ரங்கூனில், தங்கை கல்யாணி மதுரையில். யுத்தம் வருகிறது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது இலட்சக்கணக்கான இந்தியர் அந்நாட்டை விட்டு வெளியேறினர். காடும் மலையும் கடந்து நடந்தவர்களில் பல்லாயிரம் பேர் வழியிலேயே நோயாலும் பசியாலும் மடிந்தனர். இது கதையல்ல, வரலாறு. படத்தில் ஒருவன் காலை இழந்து பிச்சைக்காரர் கூட்டத்தில் சேர்கிறான். தங்கை இட்லி சுட்டு விற்கிறாள். ஒருவரையொருவர் அடையாளம் காணாமலே ஒரே நாட்டில் அலைகிறார்கள். கைதட்டல் எல்லாம் நீதிமன்றத்துக்கே கிடைத்தது. ஆனால் நாற்பது வருடத்துக்கு மேல் இவருடைய மனதின் ஒரு மூலையில், கைதட்டுக் கிடைக்காத பகுதி காத்துக் கிடந்திருக்கிறது. தன் வாழ்வு அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகே அவருக்கு அந்தப் படம் விளங்கியது.

இதையே வேறுவிதமாக ஒரு வெளிநாட்டுப் படம் எமக்குக் காட்டியது. இத்தாலியில் விற்றோரியோ டி சிக்கா 1948இல் எடுத்த 'சைக்கிள் திருடர்கள்'. நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்களல்லர். தகப்பனாக வருகிறவர் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. யுத்தத்துக்குப் பிந்திய ரோமாபுரி. வேலையில்லாத மனிதனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. மனைவி கட்டில் விரிப்புகளை உருவி அடகு வைத்து, அடகிலிருந்த சைக்கிளை மீட்டுத் தருகிறாள். முதல் நாளே சைக்கிள் களவு போகிறது. தகப்பனும் சிறிய மகனும் நகரமெல்லாம் தேடுகிறார்கள். இவ்வளவுதான் கதை. வங்காளத்துச் சத்யஜித் ராய் 1950இல் லண்டனில் இதைப் பார்த்த பின்பே, இப்படித்தான் படம் எடுக்க வேண்டும் என்று உறுதி கொண்டார். 1955இல் 'பதேர் பாஞ்சாலி' வந்தது. திரைப்படத்தைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தே பழகிய எமது திருச்சபை வட்டாரங்களிலும் இதற்கு மதிப்புண்டு. சினிமாவுக்கு நூறு வயதான 1995இல் வத்திக்கான் வெளியிட்ட சிறந்த 45 படங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று.

சில வருடங்களுக்கு முன் தீவகத்து மண்டபம் ஒன்றில் வெள்ளைத் துணி கட்டி இதைப் போட்டோம். பேசுவது இத்தாலிய மொழி. இடையிடையே தமிழில் இரண்டு வசனம் சொல்லிக் கொடுக்கலாம் என்று ஒலிவாங்கியோடு நின்றோம். அதற்குத் தேவை ஏற்படவில்லை. 1990களில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சைக்கிளைப் பற்றி யாரும் விளக்கத் தேவையில்லை. பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை. விறகும் சைக்கிளில், நோயாளியும் சைக்கிளில், சவப்பெட்டியும் சைக்கிளில். டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டதும் அந்தச் சைக்கிளில்தான். விரிப்புகளை அடகு வைக்கும் காட்சியில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. தாலிக்கொடியை அடகு வைத்தவர்கள் அங்கே எத்தனை பேர் இருந்தார்களோ!

படத்தின் முடிவில், தேடிக் களைத்த தகப்பன், ஆளில்லாமல் நின்ற வேறொருவனின் சைக்கிளைத் தானே திருடுகிறான். பிடிபடுகிறான். மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான். உடைமைக்காரன் மனமிரங்கி விட்டுவிடுகிறான். தகப்பன் அழுதுகொண்டு நடக்க, மகன் அவன் கையைப் பிடித்துக்கொள்கிறான்.

விளக்கைப் போட்டோம். வழமையாக, படம் முடிந்தால் பாய் சுருட்டும் சத்தமும் பிள்ளைகளின் இரைச்சலும் கேட்கும். அன்று இல்லை. பின்வரிசையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்தார்.

"அண்டைக்குக் கைதடியில ஒரு சைக்கிள் நிண்டது. பூட்டேல்லை. அம்மாவுக்கு நடக்கேலாது. எடுத்துக்கொண்டு வந்திட்டன். ஆற்றை எண்டு தெரியாது. அவையும் ஆரையேன் ஏத்தத்தான் வச்சிருந்திருப்பினம்."

அவருக்குப் பக்கத்தில் இருந்த மகன் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்குத் தெரியும் அப்பா. நான் முன் பாரில இருந்தனான். எங்கட சைக்கிள் நீலம். அது கறுப்பு."

இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஒரு வீட்டுக்குள் இருவரும் அறிந்திருந்தும் பேசாதிருந்த விடயம் அது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நாம் கேட்டதல்ல. ஊரார் முன்னிலையில் சொல்லப்பட்டது. எழுதலாம் என்று அவரே அனுமதி தந்தார். அன்று யாரும் அவரைக் குற்றஞ்சாட்டவில்லை. ஒரு தாய் மட்டும், "எங்கட சைக்கிளையும் அங்கதான் ஆரோ எடுத்தவை" என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

எல்லாப் படமும் இப்படி நல்லதையே விட்டுச் செல்கிறது என்று நாம் சொல்ல வரவில்லை. 1961இல் பீம்சிங் இயக்கிய 'பாசமலர்' எத்தனை அண்ணன்மாரை உருவாக்கியது என்பதைத் தீவகத்தில் வீடுவீடாகக் காணலாம். தங்கைமாரைக் கரைசேர்ப்பதற்காகத் தென்னிலங்கைக் கடைகளிலும் பின்னர் ஐரோப்பியச் சமையலறைகளிலும் இளமையைக் கழித்து, தாம் கலியாணமே செய்யாமல் நரைத்தவர்கள் பலர். அவர்களின் அன்பை நாம் வணங்குகிறோம். ஆனால் தியாகம் செய்த அண்ணனுக்காக அழுத கண்கள், அந்தத் தியாகத்தைக் கேட்டு வாங்கிய சீதனத்தைப் பார்த்து ஒருநாளும் சிவக்கவில்லையே! 'பாசமலர்' சீதனத்தைப் பற்றிய படமல்ல என்பது உண்மை. எமது ஊரில் அது அப்படித்தான் பயன்பட்டது.

இனி, கமக்காரர்கள் காசு போட்டு எடுத்த ஒரு படத்தைப் பற்றி. இந்தியாவின் குஜராத்தில் 1946இல் கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவு அமைத்தனர். அமுல் என்ற பெயர் அங்கிருந்து வந்ததே. அதை வளர்த்த வர்கீஸ் குரியனும் இயக்குநர் சியாம் பெனகலும் அந்த அனுபவத்தைப் படமாக்க விரும்பினார்கள். முதலாளி யார்? ஐந்து இலட்சம் பால் உற்பத்தியாளர்கள், ஆளுக்கு இரண்டு ரூபா. பத்து இலட்சம் ரூபா சேர்ந்தது. 1976இல் 'மந்தன்' வந்தது. கடைதல் என்பது பொருள். காசு போட்டவர்கள் லொறி லொறியாக வந்து தங்கள் படத்தைப் பார்த்தார்கள்.

கதையில் ராவ் என்ற மிருக வைத்தியர் கூட்டுறவு அமைக்க ஒரு கிராமத்துக்கு வருகிறார். பாலைக் குறைந்த விலைக்கு வாங்கும் தனியார், ஊர்த் தலைவரின் அகங்காரம், தாழ்த்தப்பட்டோரின் நியாயமான சந்தேகம் எல்லாம் குறுக்கே வருகின்றன. இறுதியில் ராவ் போய்விடுகிறார். வெற்றி விழா கிடையாது. தாழ்த்தப்பட்ட இளைஞன் ஒருவனே சங்கத்தைக் கையில் எடுக்கிறான். எம்மைப் போன்ற வெளியாட்கள் அந்த முடிவை அடிக்கடி நினைத்துப் பார்ப்பது நல்லது. பின்னர் குரியன் இப்படத்தின் 16 மில்லிமீற்றர் பிரதிகளைக் கிராமங்களுக்கு அனுப்பினார். கூடவே ஒரு மிருக வைத்தியர், ஒரு பால் தொழில்நுட்பவியலாளர், ஒரு தீவன நிபுணர். இரவு படம், மறுநாள் சங்கம் அமைக்கும் பேச்சு. பழுதடைந்திருந்த இப்படம் திருத்தப்பட்டு 2024இல் கான் திரைப்பட விழாவில் மீண்டும் காட்டப்பட்டது.

இதையும் நாம் மாடு வளர்க்கும் பெண்கள் குழுவொன்றுக்குக் காட்டினோம். நாம் எதிர்பார்த்தது சாதியைப் பற்றிய உரையாடல். அவர்கள் கேட்டதோ பாலைச் சோதிக்கும் குழாயைப் பற்றி! கொழுப்பு எவ்வளவு என்று அளந்து விலை சொல்லும் காட்சியை மீண்டும் போடச் சொன்னார்கள். "எங்கட பாலுக்கு ஒரு நாளும் எங்களுக்கு முன்னால அளந்ததில்லை" என்றார் ஒருவர். அடுத்த மாதம் தங்கள் பால் அளக்கப்படும் இடத்துக்கு ஐந்து பேர் சேர்ந்து போய், அளப்பதைப் பார்க்க வேண்டும் என்று நின்றார்கள். முதல்நாள் மறுக்கப்பட்டது. மூன்றாம் நாள் காட்டினார்கள். இப்போது அளவை எழுதும் கொப்பி ஒன்று அவர்கள் கையிலும் இருக்கிறது.

எமது மண்ணின் படங்கள்? புங்குடுதீவில் பிறந்த வி. சி. குகநாதன் 1968இல் எம்.ஜி.ஆர். நடித்த 'புதிய பூமி'க்குக் கதை எழுதிய பெருமை தீவகத்துக்கு உண்டு. ஆனால் அதில் எமது பேச்சு இல்லை. 1972இல் வி. எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு', 1977இல் தர்மசேன பத்திராஜ இயக்கிய 'பொன்மணி' என்பவற்றில் யாழ்ப்பாணம் திரைக்கு வந்தது. 1978இல் பிரேம்நாத் மொராயஸ் இயக்கிய 'வாடைக்காற்று' நெடுந்தீவைக் களமாகக் கொண்ட செங்கை ஆழியானின் நாவல். வாடை பெயர, தொழிலுக்கென்று தீவுக்கு வந்து வாடியமைக்கும் மீனவர்களின் கதை. "திரையில 'ஓமோம்' எண்டு கதைச்சாங்கள். தியேட்டர் முழுக்கச் சிரிப்பு. பகிடிக்கில்லை, சந்தோசத்தில" என்று ஓர் அம்மா சொன்னார். மதராஸ் தமிழில் மட்டுமே காதலிக்கவும் கோபிக்கவும் கேட்டுப் பழகியவர்களுக்கு அது எத்தகைய சந்தோசமாக இருந்திருக்கும் என்பதை இன்றைய பிள்ளைகள் ஊகிப்பது கடினம்.

1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது பல படச்சுருள்கள் சாம்பலாயின. 'வாடைக்காற்றை' ஊரில் போட்டுக்காட்ட ஒரு பிரதிக்காக நாம் பலரிடமும் கேட்டோம், கைக்கு வரவில்லை. ஆகவே, படம் போட இருந்த அதே மாலையில், பார்த்தவர்களை முன்னால் இருத்திப் பிள்ளைகளுக்குக் கதையைச் சொல்ல வைத்தோம். அந்த அம்மாவும் அவர் கணவரும் மாறி மாறிச் சொன்னார்கள். கடலில் படகு போகிற இடம் வரைக்கும் இருவருக்கும் ஒரே கதை. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதில் பிணக்கு வந்துவிட்டது. "நீங்கள் அண்டைக்கு நித்திரை" என்கிறார் மனைவி. "நித்திரை கொண்டது நீ" என்கிறார் கணவர். பிள்ளைகள் இரண்டு முடிவையும் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.