தனியார்மயமும் மக்கள் கருத்தும்

ஒரு பொருளின் உண்மையை அறிதற்குக் காண்டல், கருதல், உரை என அளவைகள் மூன்று உள என்பர் அளவை நூலார். புலன்களால் நேரே உணர்வது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். பிறர் சொற்கொண்டு தெளிவது உரை. அரசின் தொழில்களைத் தனியார்க்கு விற்பது நன்றோ தீதோ என்னும் வினாவிற்கு மக்கள் எங்ஙனம் விடை காண்கின்றனர் என்பதை இவ்வளவைகளைக் கொண்டு ஆராய்வோம். இதற்குத் தக்க சான்றாவது பிரிட்டன்.

அந்நாட்டில் தொலைபேசி அரசின்வசம் இருந்த நாளில், இணைப்பொன்று பெற மாதக்கணக்கில் காத்திருந்தோர் பலர். ஆதலின் 1984ஆம் ஆண்டில் மார்கரெட் தாட்சரின் அரசு, பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனத்தின் பங்குகளிற் பாதிக்குமேல் விற்றபோது, அவ்வரசின் உரை பலர் செவியில் எளிதிற் புகுந்தது. 1986இல் எரிவாயு நிறுவனத்தை விற்கையில், சிட் என்னும் கற்பனை மனிதனைக் கண்டால் செய்தி சொல்லுமாறு வேண்டிய விளம்பரம் நாடெங்கும் பரவிற்று. பங்கு வாங்குதல் செல்வர்க்கே உரியதன்று, எளியார்க்கும் உரியது என்பது அதன் குறிப்பு.

எதிருரையும் எழாமலில்லை. முன்னாட் பிரதம மந்திரி ஹெரால்ட் மாக்மில்லன், 1985இல் இவ்விற்பனையை, வறுமையுற்ற குடும்பம் தன் வெள்ளிப் பாத்திரங்களை விற்பதோடு ஒப்பிட்டார். தனியாருடைமையைத் தாம் வெறுக்கவில்லையென்றும், விற்ற முதலை வருவாய்போற் செலவிடுதலையே குறை கூறியதாகவும் பின்னர் விளக்கினார். உவமை மக்கள் மனத்தில் நிலைத்தது, விளக்கமோ நிலைக்கவில்லை.

காண்டலுக்கும் குறையுண்டு. 1948 முதல் அரசுடைமையாயிருந்த புகைவண்டித் தொழில், 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனியார்க்கு மாறிற்று. வண்டி தாமதித்தால் முன்னர் அரசைப் பழித்தோர், பின்னர்க் கம்பெனியைப் பழித்தனர். ரெயில்டிராக் என்னும் தனியார் நிறுவனத்தின் பொறுப்பிலிருந்த பாதையில், 2000இல் ஹாட்ஃபீல்டு அருகே தண்டவாளம் உடைந்து வண்டி தடம்புரள, நால்வர் மாண்டனர். அப்பழிக்கு இது பெரிதும் வலுவூட்டிற்று. 2002இல் நெட்வொர்க் ரெயில் என்னும், இலாபம் பகிராத அமைப்பு இருப்புப்பாதையின் பொறுப்பை ஏற்றது. 2014இல் அது அரசுத்துறையைச் சார்ந்ததாகவே வகுக்கப்பட்டது. எனினும் பாதைப் பழுதால் வண்டி நின்றவிடத்தும், பயணியின் கண்ணிற் பட்டது பெட்டியின்மேல் எழுதிய கம்பெனியின் பெயரே. அவன் பட்ட துன்பம் மெய். ஆனால் அவன் கருதிய காரணம் மெய்யாதல் ஒருதலையன்று.

பயணிவண்டிகளை மீண்டும் அரசுடைமையாக்கும் சட்டம் 2024இல் நிறைவேறிற்று. இனி வண்டி தாமதித்தாற் பழி மீண்டும் இடம் மாறுமன்றோ?

காண்டல் நம் துன்பத்தை உணர்த்தும். உரை அதற்கொரு குற்றவாளியைச் சுட்டும். குற்றம் யாண்டையது என்று துணிவது கருதலின் தொழில். கட்டணத்தை விதித்தவர் யார், பாதையைப் பேணியவர் யார், விற்குமுன் இருந்த நிலை யாது, பின் இருந்த நிலை யாது என வினவாது, தன் துன்பத்தையும் தலைவர் சொல்லையும் மட்டுமே துணையாகக் கொண்டு வாக்களிப்பவன் பிறர் கைப்பாவையாவான். விற்ற பொதுச்சொத்தை மீட்டல் எளிதன்று; பழுதுற்ற ஒன்றை விற்க மறுத்து வாளாவிருத்தலும் நன்றன்று. வாக்குரிமை எய்தும் பருவத்தினராகிய நாம் அம்மூன்றாம் அளவையை இன்றே பயிலுதல் கடனாம்.