காற்சட்டையின் நீளமும் ஆணின் தோற்றமும்



“கரண்டைக்கு மேல் உடுத்தினால் நான் அழகாகத் தெரிவதில்லை” என்கிறான் மகன். “மார்க்கத்தை விட உனக்கு அழகுதான் பெரிதா?” என்கிறார் வாப்பா. நம் வீடுகள் பலவற்றில் எழும் தர்க்கம் இது. இது நீடிக்கும்போது மகன் வாப்பாவிடமிருந்து விலகுகிறான். சில வேளைகளில் பள்ளிவாசலிலிருந்தும் விலகிவிடுகிறான். ஆனால் மார்க்கம் கூறும் நீளமும் அழகும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணத்தை இருவருமே ஏற்றுக்கொண்டுதான் வாதிடுகின்றனர். அந்த எண்ணம் சரிதானா? மார்க்க அறிஞர்களின் விளக்கத்தையும் தையற்காரரின் அளவு நாடாவையும் ஒருசேர வைத்துப் பார்ப்போம்.

மார்க்கம் காட்டும் எல்லை

கரண்டைக்குக் கீழே தொங்கும் ஆடையைக் குறித்து நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்துள்ளமை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. முஃமினின் கீழாடை கெண்டைக்காலின் நடுப்பகுதி வரை இருக்கும் என்றும், அதற்கும் கரண்டைக்கும் இடைப்பட்டதில் குற்றமில்லை என்றும் அபூ ஸஈத் அல்குத்ரீ (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸுனன் அபூதாவூதில் உள்ளது. பெருமையுடன் தொங்கவிடுவது ஹராம், பெருமையின்றி எனில் மக்ரூஹ் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் விளக்கம். பெருமை இல்லாவிடினும் ஹராமே என்று கூறும் அறிஞர்களும் உளர்.

கவனியுங்கள்! நடுக்கெண்டைக்காலுக்கும் கரண்டைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு சாண் இடைவெளி உண்டு. அந்தச் சாணுக்குள் தன் உடல்வாகுக்கு எது பொருந்துமோ அதைத் தெரிவு செய்ய ஒவ்வொருவருக்கும் இடமளிக்கப்பட்டுள்ளது. சாரனுக்குச் சற்று உயரமான அளவும் எடுப்பாக இருக்கும். காற்சட்டைக்கோ கரண்டையை ஒட்டி, அதற்குச் சற்று மேலே முடியும் அளவே அழகு தரும்.

கண் எவ்வாறு அளக்கிறது?

ஒருவரின் உயரத்தைக் கண் கோடுகளைக் கொண்டே மதிப்பிடுகிறது. இடுப்பிலிருந்து பாதம் வரை காற்சட்டை ஒரே நேர்கோடாக இறங்கினால் கால் நீண்டு தோன்றும். கோடு எங்கே உடைகிறதோ அங்கே பார்வை நின்றுவிடும். நீளம் ஓரிரு அங்குலம் கூடினால், மிகுதித் துணி சப்பாத்தின் மீது இரண்டு மூன்று குறுக்கு மடிப்புகளாகக் குவிகிறது. அம்மடிப்புகள் காலைக் குறுக்கே வெட்டிவிடுகின்றன. இதனால் உயரம் குறைந்தவர் மேலும் குள்ளமாகத் தெரிவார். உயரமாகத் தோன்றவேண்டும் என்று எண்ணித் துணியை நிலத்தில் இழுத்துச் செல்லும் தம்பி, உண்மையில் தன் உயரத்தையே குறைத்துக் கொள்கிறார்!

அவ்வாறாயின், கரண்டைக்கு மேல் உயர்த்திய காற்சட்டை சிலருக்கு ஏன் எடுப்பாக அமைவதில்லை? பெரும்பாலும் குறை கீழ்வாயின் அகலத்திலேயே உள்ளது. நீளமாக அணிவதற்கென வெட்டப்பட்ட அகலமான காலை அப்படியே குறைத்துத் தைத்தால், கணுக்காலைச் சுற்றித் துணி மணியைப் போல் விரிந்து நிற்கும். தம்பியின் உடையை அண்ணன் அணிந்தது போலாகிவிடும். நீளத்தைக் குறைக்கும்போது முழங்காலுக்குக் கீழே அகலத்தையும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நடுத்தர உடல்வாகு கொண்டவருக்குக் கீழ்வாயின் சுற்றளவு 14 அல்லது 15 அங்குலம் பொருத்தமாக இருக்கும். அதற்காகத் தோலோடு ஒட்டும்படி இறுக்கிவிடவும் கூடாது. ருகூஉவிலும் ஸுஜூதிலும் உடலின் வடிவம் வெளிப்படும்.

நாகரிகமோ நிலையற்றது. 1970களில் உலகெங்கும் இளைஞர்கள் நிலத்தைக் கூட்டும் ‘பெல்பொட்டம்’ அணிந்தார்கள். 2010களில் அதே உலகம் கரண்டை தெரியும் காற்சட்டையை நாகரிகம் என்றது. நேற்று வெட்கப்பட்டதை இன்று பெருமையாக அணிகிறார்கள்! மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை அளவுகோலாகக் கொள்வது அறிவுடைமையாகுமா?

ஊவா மண்ணின் பாடம்

எல்ல, பண்டாரவளை, பதுளைப் பகுதிகளில் ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் தோட்டப் பாதைகள் எவ்வாறிருக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். பாடசாலைக்குச் செல்லும் மாணவனின் வெள்ளைக் காற்சட்டையில் முதலில் செம்மண் ஏறுவது கீழோரத்தில்தான். குதியின் கீழ் மிதிபடும் துணி நைந்து நூல் பிரிகிறது. புகையிரதத்தின் உயர்ந்த மிதிபலகையில் ஏறும்போது அதுவே காலை இடறவும் செய்யும்.

இவ்விடத்தில் உமர் (ரழி) அவர்களின் இறுதி நாட்களை நினைத்துப் பாருங்கள். ஹிஜ்ரி 23இல் கத்தியால் குத்தப்பட்டு மரணப் படுக்கையில் இருந்தார்கள். ஓர் இளைஞர் வந்து நற்செய்தி கூறித் திரும்பிச் சென்றார். அவரது ஆடை நிலத்தில் பட்டது. உடனே அவரைத் திரும்ப அழைத்து, தம் சகோதரனின் மகனே என்று விளித்து, ஆடையை உயர்த்துமாறு கூறினார்கள். அது ஆடைக்கும் தூய்மை, இறையச்சத்திற்கும் நெருக்கம் என்று காரணமும் சொன்னார்கள். இந்நிகழ்ச்சி புகாரியில் உள்ளது. உயிர் பிரியும் வேளையிலும் கலீஃபா ஏசவில்லை. உறவு சொல்லி அழைத்தார்கள். முதலில் துணியின் நலனையும், பின்னர் தக்வாவையும் எடுத்துரைத்தார்கள். பெற்றோர்களே! நம் பிள்ளைகளிடம் நாம் பேசும் முறை இதுதானா?

பள்ளிவாசலில் சுருட்டுவது

நீளமாகத் தைத்துவிட்டு, தொழுகைக்கு நிற்கும்போது மட்டும் காலைச் சுருட்டிக்கொள்வோர் பலர். தொழுகையில் ஆடையைச் சுருட்டுவதும் முடியைக் கட்டுவதும் தடுக்கப்பட்டுள்ளமை புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டிலும் வந்துள்ளது. தொழுகை கூடினாலும் அது மக்ரூஹ் என்கிறார்கள் இமாம் நவவி (ரஹ்) அவர்கள். சுருட்டிய டெனிம் அழகாகவும் இருப்பதில்லை. சரியான அளவில் ஒருமுறை தைத்துக்கொண்டால் கடைத்தெருவிலும் தொழுகையிலும் அதே உடை போதுமல்லவா?

தையற்காரரிடம் செல்லும்போது

துணியை வெட்டுவதற்கு முன் நனைத்து உலர்த்துங்கள். பருத்தி முதற்கழுவலில் சுருங்கும். அளவெடுக்கும்போது வழக்கமாக அணியும் சப்பாத்துடன் நிமிர்ந்து நின்று நேரே பாருங்கள். குனிந்தால் அளவு பிழைக்கும். இரு கால்களையும் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள். பலருக்கு அவை சற்று வேறுபடும். உயரம் குறைந்தவர்கள் வெளிமடிப்பு வைக்கவேண்டாம். அதுவும் ஒரு குறுக்குக் கோடே. காற்சட்டையின் நிறத்திலேயே காலுறை அணிந்தால் கோடு பாதம் வரை தொடரும்.

1993ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் மாணவர்களுக்குச் சீருடைத் துணியை இலவசமாக வழங்கத் தொடங்கியது. அத்துணியில் தைக்கும்போது, வளரும் பிள்ளைக்கென உள்ளே இரண்டு அங்குலம் மடித்து விடுங்கள். பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம். இரண்டு ஆண்டுகளுக்குப் பொருந்தட்டும் என்று இன்றே நீளமாகத் தைத்து மண்ணில் இழுபட விடாதீர்கள்.

இறுதியாக ஒன்று

தமது ஆடையின் ஒரு பக்கம் தாமே கவனித்தாலன்றித் தளர்ந்து இறங்கிவிடுகிறது என்று அபூபக்ர் (ரழி) அவர்கள் கவலைப்பட்டபோது, பெருமைக்காக அவ்வாறு செய்பவர்களில் அவர் இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் ஆறுதல் கூறினார்கள். நல்ல ஆடையை விரும்புவது பெருமையா என்று கேட்கப்பட்டபோது, அல்லாஹ் அழகை விரும்புபவன் என்றும், உண்மையை மறுப்பதும் மனிதர்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்றும் விளக்கினார்கள். ஆகவே, கரண்டைக்கு மேல் உடுத்திய ஒருவர், நீளமாக உடுத்திய சகோதரனை ஏளனமாகப் பார்த்தால், எந்தப் பெருமைக்கு அஞ்சி ஆடையை உயர்த்தினாரோ அதே பெருமை அவரது உள்ளத்தில் குடியேறிவிடும். அளவு நாடா துணியை அளக்கட்டும். உள்ளங்களை அளப்பவன் அல்லாஹ் ஒருவனே.

இளைஞனே! அடுத்த காற்சட்டையைத் தைக்கக் கொடுக்கும்போது வாப்பாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வாப்பாவே! அன்று தீர்ப்புக் கூறாமல் மகனுக்கு எது பொருந்துகிறது என்று அருகில் நின்று பாருங்கள். வல்ல அல்லாஹ் நம் தோற்றத்தையும் உள்ளத்தையும் அழகாக்குவானாக! ஆமீன்.