ரிலே சொன்ன செய்தி



முப்பத்து மூன்று ஆண்டுகள் கரும்பலகையருகே நின்றவன் நான். ஓய்வு பெற்ற பின்னர் மீண்டும் மாணாக்கனாக அமர்ந்தது எங்கள் ஊரின் குடிநீரேற்று நிலையத்தில். அங்கே பம்பு இயக்குபவர் என் பழைய மாணவர். அறிவியலில் தட்டுத் தடுமாறித் தேறியவர் அவர் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒரு நாள் மாலை, அங்குள்ள 10 குதிரைத்திறன் மோட்டார் சிறிது நேரம் ஓடுவதும் தானே நின்றுவிடுவதுமாக இருந்தது. மேல்நிலைத் தொட்டியோ காலி. விடிந்தால் குழாயடியில் குடங்கள் வரிசை கட்டும். உதவியாளர், "ரிலேயின் திருகைச் சற்று ஏற்றி வைத்தால் நிற்காமல் ஓடுமே" என்றார். என் மாணவர் இசையவில்லை. முந்தைய ஆண்டில் எவரோ அவ்வாறு ஏற்றி வைத்ததால்தான் மோட்டாரின் சுருள் கருகி, ஊர் மூன்று நாள் நீரின்றித் தவித்தது.

ஓவர்லோடு ரிலே என்பது ஸ்டார்ட்டரோடு இணைந்த காவலாளி. சூட்டில் வெவ்வேறு அளவாய் விரியும் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு அதனுள் இருக்கின்றது. மின்னோட்டம் மிகுந்தால் தகடு சூடேறி வளையும். வளைந்து சுற்றைத் துண்டிக்கும். மோட்டார் நிற்பது அதனால்தான். ஆகவே, மின்னோட்டம் ஏன் மிகுந்தது என்பதையன்றோ ஆராய வேண்டும்?

மோட்டாரை மீண்டும் ஓட்டி, கிளாம்ப் மீட்டரால் மூன்று கம்பிகளையும் அவர் அளந்தார். வழக்கமாக ஒவ்வொன்றிலும் 13 ஆம்பியர் ஓடும். முதலில் அவ்வாறே இருந்தது. சற்று நேரத்தில் உறுமல் ஒலி எழுந்தது. இரண்டில் 23, மூன்றாவதில் சுழி! ஒரு பேஸ் அறுந்ததும் அதன் பங்கையும் மற்ற இரண்டும் சுமக்கின்றன. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பது நீங்கள் பாடத்தில் படித்ததுதான். 23ஐயும் 13ஐயும் வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். அந்தச் சுருள்களில் வெப்பம் மும்மடங்கு!

அவர் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்போதும் கை வைக்கவில்லை. மல்டிமீட்டரை முதலில் சுவரிலிருந்த ப்ளக்கில் வைத்து, மின்சாரத்தைக் காட்டுகிறதா என்று பார்த்தார். அடுத்து, அணைத்த முனைகளில் வைத்தார். பிறகு மறுபடியும் ப்ளக்கிலேயே வைத்தார்.

"மூன்றாம் முறை எதற்குத் தம்பி?"

"நடுவில் மீட்டரே பழுதாகியிருந்தால், ஐயா?"

எனக்கு வாயடைத்துப்போயிற்று. 415 வோல்ட் உள்ள இடத்தில், இல்லாத மின்சாரத்தை மீட்டர் காட்டினால் நேரந்தான் வீணாகும். இருப்பதைக் காட்டாவிட்டால் உயிர் போகும்.

பியூஸ் கட்டை ஒன்றில் செப்புப் பிடிப்பு தளர்ந்து கருகியிருந்தது. சூடேறினால் தொடர்பு அறும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். கட்டையை மாற்றி ஓட்டியபின் மூன்று கம்பிகளிலும் 13 ஆம்பியர் நிலைத்து நின்றது. ரிலேயின் திருகு பழைய குறியான 14இலேயே இருந்தது. தொட்டியில் நீர் விழும் ஓசை கேட்ட பிறகே நாங்கள் வீடு திரும்பினோம்.