வாங்கவிருந்த வீடு கைநழுவினால்

பக்கவாதத்தினாலோ மூட்டு நோயினாலோ நடமாட்டம் குறைந்த ஒருவரை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் காலத்தில், சில குடும்பங்கள் புதிய வீடொன்றையும் தேடுகின்றன. மாடிப்படி ஏறாமல் குளியலறைக்குச் செல்ல வேண்டும்; சக்கர நாற்காலி நிலையில் முட்டாமல் நுழைய வேண்டும். அத்தகைய வீடு அமைந்து, விலையும் பேசி முடித்த பின்னர், விற்பவர் பின்வாங்கிவிட்டார் என்று செய்தி வருவதுண்டு. அவ்வேளையில் செய்யத்தக்கவற்றை இங்கே எடுத்துரைக்க விழைகின்றோம்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் விலைக்கு இணங்கியதாகச் சொல்வது மட்டும் எவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. 1989ஆம் ஆண்டின் சட்டப்படி, வீடு, காணி தொடர்பான ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். இரு தரப்பினரும் கையொப்பமிட்டிருத்தல் வேண்டும். அந்த ஒப்பந்தங்களைச் சட்டத்தரணிகள் பரிமாறிக்கொள்ளும் வரை, விற்பவரும் வாங்குபவரும் விலகிக்கொள்ளலாம். கூடுதல் விலை தர வேறொருவர் முன்வந்திருக்கலாம். விற்பவர் வாங்கவிருந்த மற்றொரு வீடு கிடைக்காமற் போயிருக்கலாம். "என் நோயினால்தான் இந்த வீடு போயிற்று" என்று நோயாளியும், "நான் இன்னும் விரைந்திருக்க வேண்டும்" என்று பராமரிப்பவரும் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

எனினும், இழப்பு இழப்பே. அந்த வீட்டில் அம்மாவின் கட்டிலை எங்கே போடுவது என்பதுவரை எண்ணிப் பார்த்திருப்பீர்கள். சில நாள் துயரப்படுவது இயல்பு. உறக்கமின்மையும் பசியின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால், உங்கள் குடும்ப மருத்துவரிடம் கூறுங்கள். இக்காலத்தில் பராமரிப்பவர்கள் தம்முடைய இரத்த அழுத்த மாத்திரையை மறந்துவிடுவதும் உண்டு. அதில் கவனம் தேவை.

நோயாளியிடம் இச்செய்தியை மறைக்க வேண்டுமா? பெரும்பாலும் வேண்டியதில்லை. தாழ்ந்த குரலில் நடக்கும் தொலைபேசிப் பேச்சு, உண்மையைவிட அதிக அச்சத்தைத் தரும். "அந்த வீடு கிடைக்கவில்லை. இப்போதைக்கு நம் வீட்டிலேயே ஒழுங்கு செய்வோம்" என்று எளிமையாகச் சொன்னால் போதும்.

அடுத்து, நோயாளர் விடுதித் தாதியரிடமும், அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பயிற்றும் தொழில்வழிச் சிகிச்சையாளரிடமும் அன்றே தெரிவியுங்கள். புதிய வீட்டை எண்ணி வகுத்த திட்டத்தைப் பழைய வீட்டுக்கு ஏற்ப மாற்ற அவர்களுக்கு நேரம் வேண்டும். வரவேற்பறையில் கட்டில், படுக்கையருகே கழிப்பிட நாற்காலி, வாசலில் சாய்தளம் என இடைக்கால வழிகள் பல உள்ளன.

இங்கிலாந்தில், கவுன்சிலின் மதிப்பீட்டில் தேவையென முடிவானால், கைப்பிடி போன்ற 1,000 பவுணுக்கு உட்பட்ட சிறு மாற்றங்களுக்குக் கட்டணம் இல்லை. பெரிய வேலைகளுக்கு 'டிசேபிள்ட் பெசிலிற்றீஸ் கிராண்ட்' என்னும் மானியத்தைக் கேட்கலாம். இதன் உச்சவரம்பு இங்கிலாந்தில் 30,000 பவுண். வேல்சில் 36,000 பவுண். வாடகை வீட்டில் இருப்போரும் விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்கு வருமானமும் சேமிப்பும் கணக்கில் எடுக்கப்படலாம். அனுமதி கிடைக்குமுன் வேலையைத் தொடங்கிவிடாதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதுவரை செய்த வேலைக்குக் கட்டணம் எவ்வளவு என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள்; கொள்வனவு நிறைவேறாவிடின் தம் கட்டணத்தை அறவிடாதோரும் உளர். வீட்டுக் கடன் அனுமதியை வேறொரு வீட்டுக்கு மாற்ற இயலுமா என்று வங்கியிடம் கேளுங்கள். வீடு வாங்குவோருக்கான காப்புறுதி எடுத்திருந்தால், எந்தச் செலவு திரும்பக் கிடைக்கும் என்று அந்நிறுவனத்திடம் கேளுங்கள்.

வீட்டு ஆய்வுக்குச் செலவிட்ட பணம் வீணாயிற்றே என்ற ஆற்றாமையில், பொருந்தாத வீட்டை அவசரமாக வாங்கிவிட வேண்டாம். அடுத்த வீட்டைப் பார்க்கும்போது வாசலின் அகலத்தையும் குளியலறையின் அளவையும் குறித்து வந்து சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். ஆய்வுக்குப் பணம் கட்டுவது அதன் பின்னர் ஆகட்டும்.

மனச்சுமை தாங்க முடியாத இரவுகளில், சமாரிட்டன்ஸ் அமைப்பை 116 123 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். வீடு தேடுவதைச் சில வாரங்கள் நிறுத்திவைக்கலாம். நோயாளியின் மருந்தையும் அன்றாடப் பயிற்சியையும் ஒரு நாளும் நிறுத்த வேண்டாம்.