டெர்மினல் மல்டிபிளெக்சர் குறுக்குவிசைகள்

டெர்மினல் மல்டிபிளெக்சர் என்பது ஒரே முனையச் சாளரத்துக்குள் பல முனையங்களைத் திறந்து, அவற்றுக்கிடையே மாறி மாறிப் பணிபுரிய உதவும் மென்பொருள் ஆகும். ஜிஎன்யூ ஸ்கிரீன், டிமக்ஸ் ஆகியவை பரவலாகப் பயன்படும் மல்டிபிளெக்சர்கள் ஆகும். இவை பெரும்பாலும் விசைப்பலகை வழியாகவே இயக்கப்படுகின்றன. எனவே, இவற்றின் குறுக்குவிசைகளைத் தம் பழக்கத்துக்கும் மொழிக்கும் ஏற்பப் பயனர் மாற்றியமைத்துக்கொள்ள வழி செய்யப்பட்டுள்ளது.

பயன்

காட்டாக, காரமடையில் இருந்தபடி சென்னையிலுள்ள வழங்கி ஒன்றில் பணிபுரிபவரின் இணைய இணைப்பு மின்தடையால் அறுந்துபோனால், முனையத்தில் ஓடிக்கொண்டிருந்த நிரலும் பெரும்பாலும் நின்றுவிடும். வழங்கியிலுள்ள மல்டிபிளெக்சருக்குள் தொடங்கப்பட்ட நிரலோ தொடர்ந்து ஓடும். பயனர் மீண்டும் இணைந்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

முன்னொட்டு விசை

முனையத்தில் தட்டப்படும் விசைகள் உள்ளே ஓடும் நிரலுக்கு உரியவை. அவற்றுள் ஒன்றை மட்டும் மல்டிபிளெக்சர் தனக்கென எடுத்துக்கொள்கிறது. இதுவே முன்னொட்டு விசை எனப்படுகிறது. இதை அழுத்திய பின் அழுத்தப்படும் விசை, மல்டிபிளெக்சருக்கான கட்டளையாகக் கொள்ளப்படும்.

1987 இல் வெளிவந்த ஸ்கிரீனின் முன்னொட்டு கண்ட்ரோல்-ஏ ஆகும். 2007 இல் வெளிவந்த டிமக்ஸ், தொடக்கத்தில் ஸ்கிரீனுக்குள்ளேயே உருவாக்கப்பட்டது. ஆதலால் அதனுடன் மோதாதவாறு கண்ட்ரோல்-பி தேர்ந்தெடுக்கப்பட்டது. எனினும் இரண்டுமே பாஷ் நிரலின் விசைகளோடு மோதுகின்றன. பாஷில் கண்ட்ரோல்-ஏ வரியின் தொடக்கத்துக்கும், கண்ட்ரோல்-பி ஓர் எழுத்து பின்னுக்கும் நகர்த்தும்.

மாற்றியமைத்தல்

டிமக்ஸின் குறுக்குவிசைகள், பயனரின் முகப்பு அடைவிலுள்ள அமைப்புக் கோப்பில் எழுதப்படுகின்றன. முன்னொட்டை மாற்ற மூன்று வரிகள் தேவை:

1. புதிய முன்னொட்டை அறிவித்தல் (செட் கட்டளை).
2. பழைய விசையை விடுவித்தல் (அன்பைண்ட் கட்டளை).
3. புதிய விசையை இருமுறை அழுத்தினால், அது உள்ளிருக்கும் நிரலுக்குச் செல்லுமாறு பிணைத்தல் (பைண்ட் கட்டளை).

மூன்றாவது வரி விடுபட்டால், அவ்விசை உள்ளிருக்கும் நிரலை எளிதில் சென்றடையாது. ஒரு மல்டிபிளெக்சருக்குள் இன்னொன்றை இயக்குவோருக்கும் இவ்வரி இன்றியமையாதது.

டிமக்ஸ் முதலில் தொடங்கும்போது மட்டுமே கோப்பைத் தானாகப் படிக்கும். ஆதலால் மாற்றத்துக்குப் பின் சோர்ஸ்-ஃபைல் கட்டளையால் கோப்பை மீண்டும் படிக்கச் செய்ய வேண்டும். கோப்பிலிருந்து ஒரு வரியை அழிப்பதால் மட்டும், ஏற்கெனவே ஏற்பட்ட பிணைப்பு நீங்காது. அதனை அன்பைண்ட் கட்டளையால் விடுவிக்க வேண்டும்.

தமிழ்99 விசைப்பலகையும் குறுக்குவிசைகளும்

தமிழ்99 என்பது 1999 இல் தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை அமைப்பு ஆகும். இதில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்கள் பெரும்பாலும் வலப்புறமும் அமைந்துள்ளன. தமிழில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது, பல முனையங்களில் கண்ட்ரோல்-பி வழக்கம்போல் இயங்கும். ஆயினும் அடுத்து அழுத்தும் விசை தமிழ் எழுத்தாகவே டிமக்ஸைச் சென்றடையும். அவ்வெழுத்துக்குக் கட்டளை ஏதும் இல்லாததால் எதுவும் நிகழாது. டிமக்ஸ் காண்பது விசையை அன்று, எழுத்தையே என்பதே இதற்குக் காரணம்.

டிமக்ஸில் யுனிகோட் எழுத்துகளையும் கட்டளைகளுடன் பிணைக்கலாம். ஆங்கில விசைகளின் இடத்தில் உள்ள தமிழ் எழுத்துகளுக்கும் அதே கட்டளைகளைப் பிணைத்தால், மொழியை மாற்றாமலே பணிபுரிய இயலும்:

ஒ (சி விசை) – புதிய சாளரம்
உ (டி விசை) – அமர்விலிருந்து விலகல்
ஈ (டபிள்யூ விசை) – சாளரப் பட்டியல்
இ (எஸ் விசை) – அமர்வுப் பட்டியல்
ஔ (இசட் விசை) – பகுதியைப் பெரிதாக்கல்
ல (என் விசை) – அடுத்த சாளரம்
ண (பி விசை) – முந்தைய சாளரம்

இவற்றுள் முதல் ஐந்தும் உயிரெழுத்துகள். கடைசி இரண்டில் மட்டும் ஓர் இடர் உண்டு. சில உள்ளீட்டு நிரல்கள், அடுத்து உயிர் வரக்கூடும் என்பதால் ல, ண போன்ற எழுத்துகளை உடனே அனுப்பாமல் நிறுத்தி வைக்கும். அத்தகைய நிரல்களைப் பயன்படுத்துவோர், சாளரம் மாறுவதற்கு எண் விசைகளைப் பயன்படுத்தலாம்.

பகுதியை மூடும் கட்டளையை ஓ எழுத்துக்குப் பிணைத்தாலும், உறுதி கேட்கும் வினாவுக்கு விடையாக ஒய் விசையை அழுத்தும்போது ள என்னும் எழுத்தே உருவாகும். டிமக்ஸ் அதனை ஒப்புதலாகக் கொள்ளாது, பகுதியும் மூடப்படாது. இவ்வோரிடத்தில் ஆங்கிலத்துக்கு மாறுவதே முறை.

இவற்றையும் பார்க்கவும்

தமிழ்99
பாஷ்
ஜிஎன்யூ ஸ்கிரீன்
யுனிகோட்