ஆபீஸ் வண்டியின் ஸ்டியரிங்கை யார் பார்ப்பது?

ஆனைக்குட்டம் பக்கத்து ஊர்களில் விடிந்ததும் பட்டாசு ஆபீஸ் வண்டிகள் வந்து ஆளெடுக்கின்றன. மருந்து அறையில் என்ன ஆகுமோ என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. ஏறிப் போகும் வண்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

பிரேக் பிடிக்காவிட்டால் டிரைவருக்கு உடனே தெரிந்துவிடும். ஸ்டியரிங் அப்படியல்ல. பழைய வண்டியில் டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட், கிங் பின் எல்லாம் மாதக்கணக்கில் கொஞ்சங்கொஞ்சமாகத் தேய்கின்றன. டிரைவரின் கையும் அந்த ஆட்டத்துக்குப் பழகிப்போகிறது.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 98ஆம் விதி இதற்கு அளவே சொல்லியிருக்கிறது. ஸ்டியரிங் வீலின் வெற்று ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. கடிகாரத்தில் 12க்கும் 1க்கும் உள்ள இடைவெளிதான் அது. நின்றிருக்கும் வண்டியில் முன்சக்கரத்தை நேராக வைத்து ஒருவர் வீலை மெல்லத் திருப்ப, டயர் எப்போது அசையத் தொடங்குகிறது என்று இன்னொருவர் பார்த்தால் போதும். பவர் ஸ்டியரிங் என்றால் இஞ்சின் ஓட வேண்டும்.

பால் ஜாயிண்டுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டியிருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. ரப்பர் கிழிந்தால் கிரீஸ் வெளியேறி, கரிசல் புழுதி உள்ளே புகுந்து ஜாயிண்டை அரைத்துவிடும். ஸ்பிளிட் பின் இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பியை முறுக்கியிருந்தால் அந்த வண்டியில் ஏறாதீர்கள். வளைந்த ராடைச் சூடுகாட்டி நிமிர்த்துவதும் விரிசலில் வெல்டிங் வைப்பதும் கூடவே கூடாது. புதுசுதான் மாட்ட வேண்டும். நாற்பது பேர் உயிரைச் சுமந்து போகிற வண்டியில் கிரீஸ் காசை மிச்சம்பிடிப்பது பாவம்.

எட்டு வருஷத்தைத் தாண்டிய கம்பெனி வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுத்தாக வேண்டும். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்.சி., இன்ஷூரன்ஸ் எதுவரை என்று தெரியும். வீட்டில் படிக்கிற பிள்ளை பார்த்துச் சொல்லிவிடும். லோடு வண்டியில் ஏறிப்போய் அடிபட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பெரும்பாலும் கையை விரித்துவிடும்.

விபத்து நடந்துவிட்டால், "ஸ்டியரிங் கட்டாயிருச்சு, யார் என்ன செய்ய?" என்பார்கள். ஏற்காதீர்கள். உரிய கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத கோளாறு அது என்பதை வண்டிக்காரர்தான் காட்ட வேண்டும் என்று 1977இல் மினு மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேய்ந்த பால் ஜாயிண்ட் கண்ணுக்குத் தெரியாத கோளாறு அல்ல. ஆகவே வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு இழுக்கும் முன் அடிப்பாகத்தைப் போனில் படமெடுத்து வையுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், வேலையில் நடந்ததாகவே கொள்ளப்படும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் உடனே அங்கே தெரிவியுங்கள். விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போவதென்றால் ஆறு மாதத்துக்குள் மனு கொடுத்துவிடுங்கள். எந்த வழி நல்லது என்பதை வக்கீலிடம் கேட்டு முடிவெடுப்பதே சரி. பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் ஆலைத் தொழிலாளருக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் கிடைப்பார். 15100க்கு அழைக்கலாம், ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்திலும் விசாரிக்கலாம். அதுவரை கம்பெனி ஆள் ஆஸ்பத்திரிக்கே வந்து வெள்ளைத்தாளை நீட்டினாலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.