பலசாலிப் பெண்ணும் பதினொரு டாலர் சம்பளமும்

அது ஒரு பெரிய டிபார்ட்மெண்ட் ஸ்டோர். அங்கே வேலை பார்க்கும் விற்பனைப் பெண்களுக்கு வாரச் சம்பளம் 11 டாலர். கடைக்குச் சொந்தக்காரி குளோரியா புல்ஃபிஞ்ச் என்ற சீமாட்டி. ஊழியர்கள் படும் பாடு அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவள் முயன்றதும் இல்லை.

ஒரு நாள் அவள்மீது ஒரு தங்கக் கயிறு வந்து விழுகிறது. அந்தக் கயிற்றில் அகப்பட்டவர்கள் கயிற்றுக்காரியின் சொற்படி நடந்தே தீரவேண்டும். சீமாட்டி வேறு பெயரில், தன் கடையிலேயே விற்பனைப் பெண்ணாக வேலைக்குச் சேருகிறாள். பதினொரு டாலர் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதைத் தானே அனுபவித்து அறிகிறாள். கதையின் முடிவில் ஊழியர்களின் சம்பளம் உயர்கிறது.

இது 1942ல் 'சென்சேஷன் காமிக்ஸ்' என்ற அமெரிக்கப் பத்திரிகையின் 8வது இதழில் வந்த சித்திரக் கதை. கயிற்றுக்காரியின் பெயர் வொண்டர் உமன்.

1941ஆம் ஆண்டின் இறுதியில் பிறந்த இந்த வீராங்கனை எண்பது ஆண்டுகளைத் தாண்டியும் அச்சில் வந்துகொண்டிருக்கிறாள். சூப்பர்மேன் (1938), பேட்மேன் (1939) ஆகியோருக்குச் சமமாக நிலைத்து நின்ற பெண் பாத்திரம் இவள் ஒருத்திதான். 2023ல் இவள் பெயர் தாங்கிய பத்திரிகை 800வது இதழைக் கண்டது.

இத்தனை காலம் ஓடியதற்குக் காரணம் என்ன? இத்தனை காலம் ஓடியும் தீராத குறைகள் எவை?

படைத்தவரும் அவர் வீடும்

வொண்டர் உமனைப் படைத்தவர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன். ஹார்வர்டில் படித்து டாக்டர் பட்டம் பெற்ற மனோதத்துவ நிபுணர். பொய் சொல்லும்போது மனிதனின் ரத்த அழுத்தம் மாறுகிறது என்ற அடிப்படையில் சோதனை ஒன்றை வகுத்தவர். பிற்காலத்துப் பொய் கண்டறியும் கருவியில் அதுவும் ஓர் அங்கமாயிற்று.

ஆண் வீரர்கள் முஷ்டியால் சாதிப்பதை ஒரு பெண் அன்பாலும் உறுதியாலும் சாதிக்க முடியும் என்று அவர் நம்பினார். ஆண்களே இல்லாத தீவில், களிமண்ணில் உருவாகி உயிர்பெற்றவள் இளவரசி டயானா. தோட்டாக்களைக் கைவளையத்தால் தடுப்பாள். யுத்தம் நடக்கும் உலகுக்கு வந்து, டயானா பிரின்ஸ் என்ற பெயரில் ராணுவ உளவுப் பிரிவில் காரியதரிசியாக வேலை பார்ப்பாள். இந்தக் கதைகளுக்குச் சித்திரம் தீட்டியவர் ஹெச்.ஜி. பீட்டர்.

மார்ஸ்டனின் வீட்டுக் கதையும் விசித்திரமானது. அவர் மனைவி எலிசபெத், சட்டமும் மனோதத்துவமும் படித்தவர். கணவருக்கு நிலையான வருமானம் இல்லாத காலத்தில், இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றியவர் அவரே. அதே வீட்டில் ஆலிவ் பர்ன் என்ற இன்னொரு பெண்மணியும் மார்ஸ்டனுக்குத் துணைவியாக வாழ்ந்தார். இருவருக்கும் தலா இரண்டு குழந்தைகள். நால்வரையும் வீட்டில் இருந்து வளர்த்தவர் ஆலிவ். அவர் இரு கைகளிலும் அணிந்திருந்த அகலமான வளையங்களே கதாநாயகியின் கைவளையங்களாக மாறின. இந்தக் குடும்ப விஷயம் வெளியே தெரியாமல் காக்கப்பட்டது.

நிறைகள்

முதல் சில ஆண்டுகளின் கதைகளில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. வில்லன் எங்கோ வேற்றுக் கிரகத்தில் மட்டும் இருப்பதில்லை, கடைத்தெருவிலும் இருப்பான். மேலே சொன்ன கடைக் கதைக்கு முந்தைய இதழில் பால் விலையை ஏற்றிக் கொள்ளையடிக்கும் கூட்டத்தை அவள் எதிர்க்கிறாள். குழந்தைக்குப் பால் வாங்க முடியாத தாய்மார்களைத் திரட்டி ஊர்வலம் நடத்துகிறாள்.

இரண்டாவது சிறப்பு, எதிரியைத் திருத்தப் பார்ப்பது. ஆரம்பக் கதைகளில் அவளுடைய பெரிய பகையாளியான பாரனஸ் பாலா வான் குந்தர், பின்னர் மனம் மாறி அவளுக்கே தோழியாகிறாள். அடித்துப் போட்டுவிட்டுப் பறந்துபோகும் ஆண் வீரர்களின் கதைகளில் இது அபூர்வம்.

மூன்றாவது, ஒவ்வோர் இதழிலும் கற்பனைக்கு நடுவே உண்மைப் பெண் ஒருவரின் வரலாறு இடம்பெற்றது. முதலில் வந்தவர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். அந்தப் பகுதிக்கு ஆசிரியையாக இருந்தவர் டென்னிஸ் வீராங்கனை ஆலிஸ் மார்பிள்.

குறைகள்

குறைகளும் ஆரம்பத்திலிருந்தே இருந்தன. ஏறக்குறைய எல்லாக் கதைகளிலும் கதாநாயகி சங்கிலியால் பிணைக்கப்பட்டாள். தளையை அறுப்பதே விடுதலை என்று மார்ஸ்டன் வாதாடினார். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் கட்டுவதில் அவருக்கு இருந்த ஆர்வம், அறுப்பதில் இருந்த ஆர்வத்தைவிட அதிகம் என்று பதிப்பகத்தின் ஆலோசகர்களே முகம் சுளித்தார்கள். யுத்த காலக் கதைகளில் ஜப்பானியரைச் சித்திரித்த விதம் இன்று பார்த்தாலும் கூச்சம் தருவது. தோழி எட்டா கேண்டி தைரியசாலி. ஆனால் அவளது பருத்த உடலே நகைச்சுவைக்கு மூலதனமாக்கப்பட்டது.

இன்னொரு குறை, குமாஸ்தா வேலை பார்ப்பவர்களுக்கு உடனே உறைக்கும். 1942ல் சூப்பர் வீரர்களின் சங்கம் ஒன்றில் வொண்டர் உமன் சேர்த்துக்கொள்ளப்பட்டாள். சங்கத்தில் அவளுக்குக் கிடைத்த பதவி? காரியதரிசி! ஆண்கள் யுத்தத்துக்குப் புறப்படுவார்கள். அவள் ஆபீசைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதைகளை எழுதியவர் மார்ஸ்டன் அல்ல, கார்ட்னர் ஃபாக்ஸ். காரியதரிசி வேலை எந்த விதத்திலும் இழிவானதல்ல. அவளைவிட வலிமை குறைந்தவர்கள் களத்துக்குப் போக, அவளுக்கு மட்டும் நாற்காலி ஒதுக்கப்பட்டதுதான் கேள்விக்குரியது.

கதைக்கு வெளியேயும் அதே நியாயம்தான் நிலவியது. 1944ல் மார்ஸ்டன் நோய்வாய்ப்பட்டபோது அவருக்குத் துணையாக ஜாய் ஹம்மல் என்ற இளம்பெண் பல கதைகளை எழுதினார். அவர் பெயர் அச்சில் வரவில்லை. எல்லாம் சார்லஸ் மோல்டன் என்ற புனைபெயரிலேயே வெளியாயின. அவருக்கு உரிய விருது கிடைத்தது 2018ல், தொண்ணூறு வயதைக் கடந்த பிறகு! 1947ல் மார்ஸ்டன் காலமானார். பத்திரிகைப் பொறுப்பைத் தாம் ஏற்க எலிசபெத் விரும்பினார், பதிப்பகம் இணங்கவில்லை. பொறுப்பு ராபர்ட் கானிகர் என்பவர் கைக்குப் போயிற்று.

அவர் காலத்தில் நாயகிக்குக் காதல் கவலை அதிகமாயிற்று. உண்மைப் பெண்களின் வரலாறு வந்த பக்கங்களில், கல்யாணச் சடங்குகளைப் பற்றிய துணுக்குகள் வந்தன.

பலம் போன கதை

1968ல் விற்பனையைத் தூக்கி நிறுத்தப் புதிய யோசனை பிறந்தது. டென்னி ஓ'நீல் எழுதிய கதைகளில் வொண்டர் உமன் தன் சக்தியனைத்தையும் துறக்கிறாள். கயிறு இல்லை, கைவளையம் இல்லை. துணிக்கடை நடத்துகிறாள், கண் தெரியாத ஒரு முதியவரிடம் கராத்தே பழகுகிறாள். காலத்துக்கேற்ற சுதந்திரப் பெண்ணைக் காட்டுவதே நோக்கம். ஆனால் அமெரிக்கப் பெண்கள் உரிமைக்காக வீதிக்கு வந்த அந்த ஆண்டுகளில், தங்கள் கதாநாயகி மட்டும் பலத்தை இழந்து நிற்பதைப் பலரால் பொறுக்க முடியவில்லை.

அவர்களில் ஒருவர் பத்திரிகையாளர் குளோரியா ஸ்டைனம், சிறு வயதிலேயே வொண்டர் உமனின் ரசிகை. 1972ல் அவர் தோழியருடன் தொடங்கிய 'மிஸ்' பத்திரிகையின் ஜூலை இதழ் அட்டையில் பழைய உடையில், பழைய வலிமையோடு வொண்டர் உமன் பிரம்மாண்டமாக நடந்து வந்தாள்.

மீண்டும் ஒரு கடை

இதற்கிடையே அதே ஆண்டின் இறுதியில் 203வது இதழ் வெளியாயிற்று. எழுதியவர் சாமுவேல் டெலானி. பலமிழந்த டயானாவை ஒரு பெரிய கடை முதலாளி விளம்பரத்துக்கு அழைக்கிறான். அவன் பெண் ஊழியர்களைச் சம்பளத்தில் வஞ்சிப்பவன் என்று அறிந்து அவள் போராடுகிறாள். கடை மூடப்படுகிறது. வெற்றி!

வெற்றி விழாவின் நடுவே சில பெண்கள் உள்ளே நுழைகிறார்கள். அந்தக் கடையில் வேலை பார்த்தவர்கள் அவர்கள். கடையை மூடிவிட்டீர்கள், எங்கள் பிழைப்புக்கு என்ன வழி என்பதே அவர்கள் கேள்வி.

கதை அங்கேயே நிற்கிறது.

முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய கதையில் ஒரு தங்கக் கயிறு பிரச்னையைத் தீர்த்துவிட்டது. கயிறு இல்லாத காலத்தில்தான் நிஜமான கேள்வி எழுந்தது. கதவடைப்பில் வேலை பறிபோனவர்கள் எந்த ஊரிலும் கேட்கும் கேள்வி அது.

அடுத்த இதழில் அதற்குப் பதில் வந்ததா? இல்லை. 1973ன் தொடக்கத்தில் வந்த 204வது இதழில் கானிகர் திரும்பி வந்தார். வொண்டர் உமனுக்குச் சக்தி திரும்பியது. நூபியா என்ற கறுப்பினச் சகோதரியும் அறிமுகமானாள். அது நல்ல மாற்றமே. ஆனால் வேலை போன பெண்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பெண் டாக்டர்கள் நடத்தும் கருக்கலைப்பு மருத்துவமனையை நசுக்கப் பார்க்கும் முரட்டு ஆண்கள் கூட்டத்தைப் பற்றித் தாம் திட்டமிட்டிருந்த கதையும் கைவிடப்பட்டது என்று டெலானி பின்னாளில் கூறினார். சக்தியைத் திருப்பிக் கேட்டவர்களின் நோக்கத்தில் பழுதில்லை. பலம் வந்தது, பழைய உடை வந்தது. சம்பளக் கணக்கு மட்டும் பாதியில் நின்றுபோயிற்று.

பின்னர் வந்தவை

1975 முதல் 1979 வரை லிண்டா கார்ட்டர் நடித்த டெலிவிஷன் தொடர் அவளை வீடுதோறும் கொண்டுபோயிற்று. 1987ல் ஜார்ஜ் பெரஸ் கதையை முதலிலிருந்து புதிதாகத் தொடங்கி, கிரேக்கப் புராணத்தின் கம்பீரத்தை ஊட்டினார். ஆரம்பத்தில் கீழ்ப்படிய வைத்த கயிறு, இப்போது உண்மையைச் சொல்ல வைக்கும் கயிறாக நிலைபெற்றது. தொடரின் சிறந்த பகுதிகளில் ஒன்று என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். 2007ல் கெயில் சைமோன் என்ற எழுத்தாளர் பொறுப்பேற்று, சில ஆண்டுகள் தொடர்ந்து எழுதினார்.

ஆனால் புதுப்பிக்கும் பழக்கமே ஒரு நோயாயிற்று. பிறப்பு, சக்தி, உடை, தாயகம் எல்லாம் திரும்பத் திரும்ப மாற்றி எழுதப்பட்டன. 2011ல் அவளுக்கு ஒரு தகப்பனாரும் கிடைத்தார். தாயின் ஆசையால் மட்டுமே பிறந்த மகள், தேவராஜன் ஜீயஸின் புத்திரி ஆனாள். 2017ல் வெற்றிபெற்ற திரைப்படமும் அதையே பின்பற்றியது.

2016 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபை அவளைப் பெண்கள் முன்னேற்றத்துக்கான கௌரவத் தூதராக நியமித்தது. அரைகுறை உடை அணிந்த கற்பனைப் பாத்திரம்தானா கிடைத்தது என்று ஐ.நா. ஊழியர்களிலேயே பலர் எதிர்த்தார்கள். டிசம்பரில் அந்தக் கௌரவம் முடிவுக்கு வந்தது.

விழா மேடையில் அவளை ஏற்றியபோதெல்லாம் இப்படித்தான் சர்ச்சை எழுந்தது. பால் விலைக்கும் பதினொரு டாலர் சம்பளத்துக்கும் அவள் குரல் கொடுத்தபோது யாரும் அவளுடைய உடையைப் பற்றிப் பேச வேண்டிய தேவை இருக்கவில்லை. 203வது இதழின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண்கள் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் கதையை யாராவது எழுதினால், அந்த இதழ் தொடரின் பழைய பெருமையை மீட்டுத் தரும்.